நின்ற இடத்தில் நாற்பது மைல்

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க வாடெவில் அரங்குகளில் ஒரு வினோதமான பந்தயம் நடந்தது. பாட்டும் கோமாளிக் கூத்தும் வித்தைகளும் மாறி மாறி வந்த அந்த மேடைகளில், இரண்டு சைக்கிள்களை உருளைகள்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். ஒன்றில் மேஜர் டெய்லர். 1899-இல் மான்ட்ரியாலில் ஒரு மைல் போட்டியில் உலகப் பட்டம் வென்ற கறுப்பின வீரர். மற்றொன்றில் சார்லஸ் மர்ஃபி. அதே ஆண்டு ஜூன் 30 அன்று லாங் ஐலண்டில், தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பாவி, ஓடும் ரயிலின் பின்னால் அதன் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு ஒரு மைலை 57.8 விநாடியில் கடந்தவர். இருவரும் மூச்சிரைக்க மிதிப்பார்கள். இரண்டு பேரும் ஓர் அங்குலம்கூட முன்னே போக மாட்டார்கள்.

அப்படியானால் கூட்டம் எதைப் பார்த்துக் கைதட்டுவது? இந்த வகைப் பந்தயங்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தன. உருளைகளிலிருந்து ஒரு கம்பி இழுத்து, ஆளுயரக் கடிகார முகப்பு ஒன்றோடு இணைப்பார்கள். ஆளுக்கு ஒரு முள். உருளை எத்தனை சுற்று சுற்றியதோ அதற்கேற்ப முள் நகரும். எவருடைய முள் முந்துகிறதோ அவர் முந்துகிறார். மனிதர்கள் நின்ற இடத்திலேயே இருக்க, பந்தயம் ஓடியதெல்லாம் முட்கள்தான்.

வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்கும் கருவிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சக்கரத்தையும் காந்தத்தையும் பின்தொடர்ந்து போவார்கள். முள்ளைப் பின்தொடர்வது இன்னும் சுவாரசியமானது. சாலையில் போகிறவனுக்குப் போய்ச் சேர்ந்த ஊரே சாட்சி. அறைக்குள் மிதிப்பவனுக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது. யாராவது, அல்லது ஏதாவது, அவன் உழைத்ததை எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சைக்கிள் பிறப்பதற்கு முன்பே அசையாத சைக்கிள் பிறந்துவிட்டது என்பது இந்தக் கதையின் முதல் வேடிக்கை. கார்ல் ட்ரைஸ் காலால் தரையை உந்தி ஓட்டும் இருசக்கர வண்டியை ஜெர்மனியில் ஓட்டிக்காட்டியது 1817-இல். அதற்குப் பெடல் முளைக்க 1860-கள் வரை ஆயிற்று. ஆனால் 1796-லேயே பிரான்சிஸ் லௌண்ட்ஸ் என்பவர் இங்கிலாந்தில் ‘ஜிம்னாஸ்டிகான்’ என்ற பொறிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். மரச்சட்டத்துக்குள் ஆளை நிறுத்திக் காலுக்கு மிதிகட்டைகளும் கைக்குச் சுழற்றும் பிடிகளும் கொடுத்த கருவி அது. மூட்டுகளுக்கும் தசைகளுக்கும் பயிற்சி தருவதற்காக, முக்கியமாக உடம்பு முடியாதவர்களுக்காகச் செய்தது. பந்தயம் பற்றிய நினைப்பே அதில் இல்லை.

பந்தயக்காரர்கள் வந்து சேர்ந்தது 1880-களிலும் 90-களிலும். காற்று நிரப்பிய டயரும், ஒரே அளவுச் சக்கரங்களும், செயினும் வந்து சைக்கிள் மோகம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஆட்டிவைத்த காலம். அந்த நாடுகளின் குளிர்காலம் இந்த மோகத்துக்குத் தோதானதல்ல. நான்கு மாதம் சாலை பனியிலும் சேற்றிலும் கிடக்கும். மாலை நான்கு, ஐந்து மணிக்கே இருட்டிவிடும். கோடையில் காசு சம்பாதிக்க வேண்டிய வீரன் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தால் கால் மரத்துப்போகும். உருளைகள் வீட்டுக்குள் வந்தது இதனால்தான்.

அந்த உருளைகளின் அமைப்பு இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஒரு சட்டத்தில் மூன்று உருளைகள். பின்சக்கரம் இரண்டு உருளைகளுக்கு இடையிலான பள்ளத்தில் அமரும். முன்சக்கரம் மூன்றாவதன்மேல் நிற்கும். பின்பக்கத்து உருளை ஒன்றிலிருந்து முன் உருளைக்கு ஒரு பட்டை ஓடுகிறது. பின்சக்கரம் சுழன்றால் முன்சக்கரமும் அதே வேகத்தில் சுழலும். ஆகவே சாலையில் போவதுபோலவே ஹேண்டில்பாரை அணுஅணுவாகத் திருப்பிச் சமநிலையைக் காத்துக்கொள்ள வேண்டும். வண்டியை வேறு எதுவும் பிடித்துக்கொண்டிருக்காது. முதல் முறை ஏறுகிறவர்கள் சுவரோரமாகவோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டோதான் ஏறுவார்கள். தும்மினால் ஆட்டம், திரும்பிப் பார்த்தால் ஆட்டம். உருளையின் விளிம்பைத் தாண்டிவிட்டால் வண்டி அம்பாகப் பாய்ந்து எதிர்ச்சுவரில் மோதும் என்று பலருக்கும் ஒரு பயம் உண்டு. வண்டிக்கு முன்னோக்கிய வேகமே கிடையாதே, எப்படிப் பாயும்? ஒரு துள்ளல், பக்கவாட்டில் ஒரு சாய்வு, அவ்வளவுதான். முழங்கை சிராய்ப்புக்கு அது போதும்.

1912-இல் டைட்டானிக் கப்பலின் மேல்தளத்தில், படகுகள் தொங்கிய வரிசைக்குப் பக்கத்திலேயே ஓர் உடற்பயிற்சி அறை இருந்தது. வீஸ்பாடன் நகரத்து ஜெர்மானிய நிறுவனம் ஒன்று செய்த பொறிகள்: மின்சாரக் குதிரை, மின்சார ஒட்டகம், துடுப்புப் பொறி, இரண்டு அசையாத சைக்கிள்கள். வெள்ளை உடையில் மெக்காலி என்ற பயிற்றுநர். அந்த அறையின் புகைப்படங்களில் கண் போய் நிற்பது சைக்கிள்களுக்கு எதிரே சுவரில் இருக்கும் பெரிய வட்ட முகப்பில். சிவப்பு முள் ஒன்று, நீல முள் ஒன்று. அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்த கப்பலில் உட்கார்ந்து, தான் எத்தனை கெஜம் போனோம் என்று சீமான்கள் முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். மேடைப் பந்தயத்தின் முள்தான். இப்போது முதல் வகுப்பு டிக்கெட்டோடு.

அடுத்த ஆண்டு, 1913-இல், கோபன்ஹேகனில் ஆகஸ்ட் க்ரோ என்ற உடலியல் அறிஞர் ஒரு சைக்கிள் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இவர் பின்னால் 1920-இல் நோபல் பரிசு பெற்றவர். நுண்ணிய ரத்தக்குழாய்கள் தேவைக்கேற்பத் திறந்து மூடும் விதத்தைக் கண்டறிந்ததற்காக. தசை உழைக்கும்போது உடம்பு எவ்வளவு பிராணவாயு செலவழிக்கிறது என்று அளக்க வேண்டுமானால், முதலில் அந்த உழைப்பு எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். ஓடச் சொன்னால் ஆள் ஆய்வகத்தை விட்டே போய்விடுவான். சைக்கிள் வசதியானது: கால் மட்டும் வேலை செய்யும், மூக்கும் வாயும் ஓரிடத்தில் நிற்கும், மூச்சுக்குழாய் பொருத்தலாம். அமெரிக்காவில் ஆட்வாட்டரும் அவருடைய கூட்டாளிகளும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், செப்புத் தகடு வேய்ந்த அறைக்குள் ஆளை நாள்கணக்கில் அடைத்துச் சைக்கிள் மிதிக்கவைத்து, உடம்பு வெளியிடும் சூட்டை ஏற்கெனவே அளந்திருந்தார்கள். க்ரோவின் புதுமை பிரேக்கில் இருந்தது. மின்காந்தங்களுக்கு இடையே செப்புச் சக்கரம் சுழலும். உலோகம் காந்தப் புலத்தை வெட்டும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து சக்கரத்தைத் தடுக்கும். எதுவும் எதையும் தொடாமல் ஒரு பிரேக். மின்சாரத்தைக் கூட்டினால் மிதி கனக்கும், குறைத்தால் இளகும். இன்று ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விலை போகும் ‘ஸ்மார்ட்’ டிரெய்னர்களின் வயிற்றுக்குள் இருப்பது இதே ஏற்பாடுதான் என்று சொன்னால் அதை விற்பவர்கள் சற்று நெளிவார்கள்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தடையின் தேவையை விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் சைக்கிளைப் பின்ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சீட்டில் தொற்றி ஏறி, பின்சக்கரம் கம்பிகள் மறையும்படி சுற்றச் சுற்ற மிதித்த பிள்ளைகள் ஏராளம். வேகம் அபாரம், களைப்பு மட்டும் வராது. அந்தரத்தில் சுற்றும் சக்கரம் யாரையும் தடுப்பதில்லை. சாலையில் காற்று தடுக்கிறது, மேடு தடுக்கிறது, டயர் தரையில் நசுங்கித் தடுக்கிறது. வீட்டுக்குள் அந்த மூன்றுக்கும் மாற்றாக ஏதோ ஒன்று வேண்டும். கடந்த நூறு ஆண்டுகளில் கருவி செய்தவர்கள் மல்லுக்கட்டியதெல்லாம் இந்த ஏதோ ஒன்றோடுதான்.

மலிவான விடை ஸ்வீடனிலிருந்து வந்தது. 1954-இல் வான் டோபெல்ன் என்பவர் மிக எளிய அளவைச் சைக்கிள் ஒன்றை விவரித்தார். கனமான சக்கரம், அதைச் சுற்றி ஒரு துணிப்பட்டை, பட்டையின் இழுவையைக் காட்ட ஓர் ஊசல். மின்சாரமே தேவையில்லை. மொனார்க் நிறுவனம் இதை எடுத்துத் தயாரிக்கத் தொடங்கியது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரத்தின் விளிம்பு 6 மீட்டர் நகரும்படி அளவு வைத்தார்கள். நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் 300 மீட்டர். பட்டையில் ஒரு கிலோ எடைக்குச் சமமான இழுவை இருந்தால் உழைப்பு ஏறக்குறைய 50 வாட். மனக்கணக்கே போதும், மருத்துவமனைத் தாதியும் போட்டுவிடலாம். அதே ஆண்டு ஓஸ்ட்ராண்டும் ரைமிங்கும், இப்படி மிதிக்கும்போது நாடித்துடிப்பு எவ்வளவு என்பதை வைத்தே ஒருவரின் உச்சப் பிராணவாயுத் திறனை மதிப்பிடும் வரைபடத்தை வெளியிட்டார்கள். எத்தனை மைல் என்று கேட்டுக்கொண்டிருந்த முள், எத்தனை வாட் என்று கேட்க ஆரம்பித்தது இந்த ஆய்வகங்களில்தான்.

பந்தயக்காரர்களின் காதில் இது விழுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அதுவரை அவர்களுக்கு உருளையே கதி. பெல்ஜியத்து வீரர்கள் மழையும் பனியும் வாட்டும் நாட்களைக் கார் கொட்டகைகளில் உருளைகள்மேல் கழித்தார்கள். எடி மெர்க்ஸ் 1972-இல் ஒரு மணி நேர உலக சாதனைக்கு மெக்சிகோ நகரம் போவது என்று முடிவு செய்தபோது சிக்கல் காற்றில் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர்; காற்று மெலிது, எதிர்ப்புக் குறைவு, வேகத்துக்கு நல்லது; மூச்சுக்குக் கெட்டது. அங்கேயே போய் வாரக்கணக்கில் தங்க அவருக்கு நேரமில்லை. ஆகவே தன் வீட்டுக் கொட்டகையில் சைக்கிளை அசையாமல் நிறுத்தி, முகமூடி வழியாகப் பிராணவாயு குறைந்த காற்றை இழுத்துக்கொண்டே மிதித்துப் பழகினார். அக்டோபர் 25 அன்று 49.431 கிலோமீட்டர் ஓட்டி சாதனையை எடுத்தார். நான்கு சுவருக்குள் முகமூடியோடு வியர்த்துக்கொண்டிருந்த அந்தச் சில வாரங்களுக்கு அந்தக் கிலோமீட்டர்களில் பங்கு உண்டா என்பதை அளந்து சொல்ல வழியில்லை. ஆனால் சாலைக்குப் போக முடியாத நாளுக்கு மாற்றாக இருந்த கருவி, சாலையில் கிடைக்காத ஒன்றைத் தருவதற்காக எடுக்கப்பட்ட இடம் இது.

உருளையின் பலவீனம் அதில் தடை போதாது என்பது. கால் பரபரவென்று சுற்றும், சமநிலை கூர்மையாகும், மலையேறும் கனம் மட்டும் வராது. 1970-களில் சியாட்டிலைச் சேர்ந்த ரேசர்மேட் நிறுவனம் இதற்குச் சிறிய காற்றாடிகளைக் கொண்டு விடை சொன்னது. பின்டயரோடு ஒட்டி உருளும் தண்டு, அதன் இரு முனையிலும் விசிறிச் சக்கரங்கள். பின்னால் இருக்கும் கணக்கு அழகானது. காற்றைக் கிழித்துப் போக வேண்டிய உழைப்பு, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 20 கிலோமீட்டர் வேகத்தை 40 ஆக்கினால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய உழைப்பு எட்டு மடங்கு. விசிறிக்கும் இதே விதிதான். எனவே வேகமாக மிதித்தால் சாலையில் எப்படிக் கனக்குமோ அப்படியே இதுவும் கனக்கும். யாரும் திருகாணி திருக வேண்டாம்.

சத்தம்தான் வினை. நன்றாக மிதித்தால் வீடே ஏதோ ஆலைபோல் இரையும். தொலைக்காட்சி பார்க்கிறவர்கள் எழுந்து போவார்கள். அடுத்து வந்த கருவிகளை வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொன்றும் முந்தியதைவிட வீட்டாரின் பொறுமையை மிச்சப்படுத்துவதற்காகவே வந்ததுபோல் இருக்கும். நிலைக்காந்தத்தை வைத்துக் கம்பி வழியாக ஹேண்டில்பாரிலிருந்து தடையை மாற்றும் கருவிகள் அமைதியாக இருந்தன. ஆனால் அவற்றின் தடை வேகத்தோடு சேர்ந்து சாலையைப்போல் ஏறாது. பிறகு, மூடிய கூட்டுக்குள் சிலிக்கோன் எண்ணெயைக் கலக்கும் சுழலி. விசிறியின் விதியும் கிடைத்தது, சத்தமும் அடங்கியது. எண்ணெய் மட்டும் சுழல்தண்டு நுழையும் இடத்தில் கசிந்து கம்பளத்தை நாசமாக்கியது. மினசோட்டாவின் கர்ட் நிறுவனம் தண்டு நுழையும் ஓட்டையையே அடைத்துவிட்டு, கூட்டின் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் காந்தம் வைத்து சுழலியைச் சுழற்றியது. ஓட்டை இல்லை, ஆகவே கசிவும் இல்லை.

இந்தக் கருவிகளின் மேல் நடந்த உழைப்புக்கு ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி நல்ல சாட்சி. கையில் காசில்லாத தனியாள். தன் சைக்கிளைத் தானே செய்தவர். அதில் சலவை இயந்திரத்தின் பேரிங்கைப் பொருத்தியது பிரசித்தம். அவருடைய பயிற்சியின் மையம் வீட்டுக்குள் இருந்த எளிய டிரெய்னர். வாட் காட்டும் மீட்டர் கிடையாது. அதே கருவி, அதே கியர், அதே டயர் அழுத்தம், அதே நேரம். போன தடவை எவ்வளவு தூரம் காட்டியதோ அதைவிட இந்தத் தடவை கொஞ்சம் கூட வேண்டும். எல்லாவற்றையும் மாறாமல் வைத்துவிட்டால் மாறுவது மனிதன் மட்டுமே என்ற நேரடியான கணக்கு. 1993 ஜூலை 17 அன்று நார்வேயின் ஹாமார் மைதானத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி, இத்தாலியின் மோசர் ஒன்பது ஆண்டுகளாக வைத்திருந்த ஒரு மணி நேரச் சாதனையை உடைத்தார். அது ஆறு நாள் நிலைத்தது. க்ரிஸ் போர்ட்மன் போர்தோவில் 52.270 கிலோமீட்டர் ஓட்டி அதைப் பறித்தார்.

ஓப்ரி மாறாமல் காத்த அந்த விஷயங்கள் இன்றைக்கும் வீட்டில் டிரெய்னர் மாட்டுகிறவர்களைப் படுத்துகின்றன. பின்சக்கரத்தைக் கழற்றாமல் பூட்டும் கருவியில் முதல் வேலை, அச்சின் குவிக் ரிலீஸ் கம்பியை மாற்றுவது. வண்டியோடு வரும் அலுமினியம், பிளாஸ்டிக் முனைகள் கவ்வியின் பிடியில் நழுவும், உடையவும் செய்யும். டிரெய்னரோடு ஓர் இரும்புக் கம்பி கொடுப்பது அதற்காகத்தான். அடுத்து டயரில் காற்று. பிறகு உருளை டயரைத் தொட்ட பின் குமிழை எத்தனை சுற்று இறுக்குவது என்பதில் கவனம் வேண்டும். தளர்ந்தால் எழுந்து மிதிக்கும்போது டயர் கிறீச்சிட்டு வழுக்கும். அதிகமானால் டயர் சூடேறித் தேய்ந்து தரையெங்கும் கறுப்புத் தூளாகக் கொட்டும். இதற்கென்றே கெட்டி ரப்பரில் தனி டயர் விற்கிறார்கள். சாலைக்கு அது உதவாது. பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டை வைத்து மட்டம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கால் மணி நேரத்தில் உள்ளங்கை வலி காட்டிக்கொடுத்துவிடும். பத்து நிமிடம் மிதித்துச் சூடேற்றிய பிறகே அளவைச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த டயரும் குளிர்ந்த எண்ணெயும் சொல்வது ஒரு கணக்கு, சூடானவை சொல்வது வேறு கணக்கு.

மிதிப்பவனும் சூடாகிறான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மனித உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் பெடலுக்குப் போவது கால்வாசி அல்லது அதற்கும் கீழே. 200 வாட் மிதித்தால் கூடவே 600 வாட்டுக்கு மேல் வெறும் சூடாக வெளியேற வேண்டும். சாலையில் எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். அறையில் காற்று அசையாது, வியர்வை காயாது, சொட்டும். சொட்டுவது முன்னால் ஹேண்டில்பார் தண்டின்மேல், அதன் திருகுகளின்மேல், உள்ளிருக்கும் பேரிங்குகளின்மேல். உப்புநீர் எந்த உலோகத்தையும் விட்டுவைக்காது. ஹேண்டில்பார் நாடாவைப் பிரித்துப் பார்த்தால் அலுமினியம் வெண்பொடியாக உதிர்ந்திருப்பதை மெக்கானிக்குகள் கண்டிருக்கிறார்கள். குறுக்கே ஒரு துண்டும், நெஞ்சுக்கு நேரே ஒரு பெரிய டேபிள் ஃபேனும் கருவியின் பாகங்களாகவே கருதப்பட வேண்டியவை. பனிக்காலத்துக்காகப் பிறந்த இந்தப் பொருள் சென்னை போன்ற ஊருக்கு வரும்போது அதைத் தள்ளிக்கொண்டு வருவது பனி அல்ல. லாரிகளும், ஐப்பசி மழையும், விடிவதற்குள் வீடு திரும்பியாக வேண்டிய அவசரமும். இங்கே சீலிங் ஃபேன் மட்டும் போதும் என்று நினைத்து உட்காருகிறவர் இருபதாவது நிமிடத்தில் மனம் மாறுவார்.

கருவி நன்றாகிக்கொண்டே வந்தாலும் ஒரு குறை மட்டும் அப்படியே இருந்தது. சலிப்பு. சுவரைப் பார்த்து ஒரு மணி நேரம் மிதிப்பது எப்பேர்ப்பட்ட மனதையும் கரைத்துவிடும். ரேசர்மேட் 1986-இல் ‘கம்ப்யூடிரெய்னர்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. தடையைக் கணினி கட்டுப்படுத்தும். திரையில் மேடு வந்தால் பெடல் கனக்கும். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதை நின்டெண்டோ விளையாட்டுப் பெட்டியோடு இணைக்கும் வகையும் வந்தது. தொலைக்காட்சியில் கட்டங்கட்டமான ஒரு பொம்மை சைக்கிள்காரன். அவனை முந்த நிஜக் கால்கள். இன்று பார்த்தால் சிரிப்பு வரும் படம். ஆனால் மேடை மீதிருந்த கடிகார முகப்பு ஓர் ஆளாக, ஒரு சாலையாக உருமாறியது அந்தப் பொம்மையில்தான். விலை அதிகம், பயிற்சி நிலையங்களும் தீவிர முப்போட்டி வீரர்களும் மட்டுமே வாங்கினார்கள். இருந்தும் அந்தக் கருவி முப்பது ஆண்டு தாக்குப்பிடித்து 2017-இல்தான் நின்றது.

அதை நிறுத்தியவற்றில் ஒன்று 2012-இல் வந்த ‘கிக்கர்’. அட்லாண்டாவின் வாகூ நிறுவனம் செய்தது. பின்சக்கரத்தையே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, செயினைக் கருவியிலேயே இருக்கும் பல்சக்கர அடுக்கில் மாட்டிவிடலாம். டயர் இல்லை, ஆகவே வழுக்கல் இல்லை, கறுப்புத் தூள் இல்லை, காற்றழுத்தக் கவலை இல்லை. கனமான சுழல்சக்கரம், மின்காந்தம், கம்பியில்லா இணைப்பு. எந்தச் செயலி வேண்டுமானாலும் அதன் தடையை மாற்றலாம் என்று கதவைத் திறந்துவைத்ததுதான் அதன் பெரிய காரியம். நெதர்லாந்தின் டாக்ஸ் போன்ற பழைய உருளைக்காரர்களும் அதே வழிக்கு வந்தார்கள். அந்த நிறுவனத்தை 2019-இல் கார்மின் வாங்கிக்கொண்டது.

திறந்த கதவுக்குள் நுழைந்தது ஸ்விஃப்ட். ஜான் மேஃபீல்ட் என்ற விளையாட்டு மென்பொருளாளர் தன் சொந்தப் பயிற்சிக்காகப் பொழுதுபோக்காகச் செய்திருந்த முப்பரிமாண உலகம் ஒன்றை எரிக் மின் என்பவர் கண்டெடுத்தார். நிறுவனம் தொடங்கி, 2014 செப்டம்பரில் சோதனைப் பதிப்பை வெளியிட்டார்கள். ஒரு கற்பனைத் தீவு. அதில் உலகெங்குமிருந்து தங்கள் தங்கள் அறையில் மிதிப்பவர்கள் ஒரே சாலையில் போவார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப்போனால் காற்று மறைவுகூட உண்டு. இல்லாத காற்றுக்கு இல்லாத மறைவு. அதே வேகத்தில் போகத் தேவையான உழைப்பு மட்டும் நிஜமாகவே குறையும்.

தொழில்முறை வீரர்கள் முதலில் இதைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். மாத்யூ ஹேமன் அதை மாற்றினார். ஆஸ்திரேலியர், வயது 37, பெரிய வெற்றிகளற்ற நம்பகமான உதவி வீரர். 2016 பிப்ரவரி 27 அன்று பெல்ஜியத்துப் பந்தயம் ஒன்றில் விழுந்து கை எலும்பு முறிந்தது. பாரிஸ்–ரூபே பந்தயத்துக்கு ஆறு வாரம்தான் இருந்தது. கட்டுப்போட்ட கையோடு சாலையில் ஓட்ட முடியாது. கொட்டகையில் டிரெய்னரில் ஏறி, ஸ்விஃப்டில் நாள்தோறும் மிதித்தார். ஏப்ரல் 10 அன்று ரூபே மைதானத்துக்குள் ஐந்து பேர் சேர்ந்து நுழைந்தார்கள். ஐந்தாவது வெற்றிக்காகக் காத்திருந்த டாம் பூனனை முந்தி ஹேமன் முதலில் வந்தார். கோட்டைக் கடந்த பிறகு அவர் முகத்தில் இருந்தது மகிழ்ச்சியைவிடத் திகைப்பு. எந்த விளம்பரமும் செய்திருக்க முடியாத வேலையை அந்த ஒரு பிற்பகல் செய்தது.

பிறகு 2020. கொரோனா ஊரடங்கில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பிரான்சிலும் பயிற்சிக்காகச் சைக்கிளை வெளியே எடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. ஏப்ரல் 5 அன்று நடந்திருக்க வேண்டிய ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தின் கடைசி 32 கிலோமீட்டரை, 13 வீரர்கள் அவரவர் வீட்டிலிருந்து திரையில் ஓட்டினார்கள். க்ரெக் வான் அவெர்மாட் வென்றார். பெல்ஜியத் தொலைக்காட்சி அதை நேரலையாகக் காட்டியது. அதே மாதம் டூர் தெ ஃபிரான்ஸ் சாம்பியன் கெரெய்ன்ட் தாமஸ் தன் வீட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு பன்னிரண்டு மணி நேரமாக மூன்று நாள் மிதித்து, பிரிட்டனின் பொது மருத்துவச் சேவைக்காக மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார். ஜூலையில் மூன்று வார இறுதிகளில் டூர் தெ ஃபிரான்ஸே திரைக்கு வந்தது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தூரத்தில். நிஜ டூரில் அன்று பெண்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள் பந்தயம். கற்பனைச் சாலை இந்த ஒரு விஷயத்தில் நிஜச் சாலைக்கு முன்னால் போயிருந்தது.

பரிசும் பட்டமும் வந்த இடத்தில் முள்ளைத் திருப்பும் கைகளும் வந்தன. 2019-இல் பிரிட்டனின் முதல் மின்பந்தயத் தேசியப் பட்டத்தைக் கேமரன் ஜெஃபர்ஸ் வென்றார். திரையில் அவர் ஓட்டியது ஸ்விஃப்டின் அதிவேக வண்டி. 50,000 மீட்டர் மலையேறியவர்களுக்கு மட்டும் கிடைப்பது. அவர் அதை ஏறிப் பெறவில்லை, தனக்குப் பதிலாக ஒரு மென்பொருளை ஏறவிட்டிருந்தார் என்பது பின்னர் தெரிந்தது. பட்டம் பறிபோனது, 250 பவுண்டு அபராதம், ஆறு மாதத் தடை. இறுதிப் போட்டியில் அவர் மிதித்தது தன் சொந்தக் கால்களால்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இல்லாத ஒரு வண்டியைத் தவறான வழியில் சம்பாதித்ததற்கு நிஜ அபராதம். சைக்கிள் பந்தயத்தின் நீண்ட குற்றப் பட்டியலில் இதற்கு முன்மாதிரி இல்லை.

அதைவிட எளிய ஏமாற்று எடையில் இருக்கிறது. மேட்டில் எவ்வளவு வேகம் என்பதைச் செயலி வாட்டையும் உடல் எடையையும் வைத்துக் கணக்கிடுகிறது. எடையை மிதிப்பவரே தட்டச்சு செய்கிறார். ஐந்து கிலோ குறைத்துப் போட்டால் மலை தானாகத் தணியும். எனவே மேல்மட்டப் பந்தயங்களில் தராசில் ஏறி நிற்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். டிரெய்னர் சொல்லும் வாட் போதாது, பெடலிலோ க்ராங்கிலோ இன்னொரு மீட்டர் வைத்து இரண்டையும் பதிவு செய்யச் சொன்னார்கள். இரண்டு முட்கள் ஒன்றுக்கொன்று சாட்சி.

சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2020 டிசம்பர் 9 அன்று முதல் மின்பந்தய உலகப் பட்டப் போட்டியை நடத்தியது. ஸ்விஃப்டின் கற்பனைத் தீவில் சுமார் 50 கிலோமீட்டர். வீரர்கள் அவரவர் நாட்டில். பெண்களில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோவும் ஆண்களில் ஜெர்மனியின் ஜேசன் ஓஸ்போர்னும் வென்றார்கள். ஓஸ்போர்ன் அப்போது படகு வலிப்பவர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் துடுப்பு வலித்து வெள்ளி வாங்கிய பிறகே, ஆல்பெசின் அணி அவரைச் சாலைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டது. 2024 அக்டோபரில் இதே பட்டத்துக்கான இறுதிப் போட்டியை வேறொரு செயலியில், எல்லாரையும் அபுதாபிக்கு வரவழைத்து ஒரே கூரைக்குக் கீழே நடத்தினார்கள். எதிராளிகள் கைக்கெட்டும் தூரத்தில் மிதித்துக்கொண்டிருக்க, ஓஸ்போர்ன் மறுபடியும் வென்றார்.